ஒரு சோறு பதம்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் அடுக்களை அறிந்த பழமொழி. கடலுக்கும் அது பொருந்துமா? அரிப்புக் கரையில் நின்று நோக்குந்தோறும் இவ்வையம் நமக்கு எழுவதுண்டு.

அக்கடலடியில் சிப்பி விளையும் பாறைத் தளங்களை நம்மவர் 'பார்' என்பர். முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாளில், சலாபம் அறிவிக்குமுன் பாரின் பலவிடங்களிலும் ஆட்களை மூழ்குவித்துச் சிப்பிகளை எடுத்து எண்ணினர். அவற்றுட் கிடைத்த முத்தை மதிப்பிட்டனர். அச்சிறு கணக்கே முழுப் பாருக்கும் அளவுகோலாயிற்று. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரையேறின.

ஆயினும் பெரியபார் இக்கணக்குக்கு அடங்கவில்லை. 1902இல் ஆராய வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், அங்கே இளஞ்சிப்பிகள் பன்முறை திரளாகத் தோன்றியும் முதிருமுன் அழிந்தமையை எடுத்துரைத்தார். தென்மேற்குப் பருவக்காற்றின் கொந்தளிப்பு அவற்றை வாரிச் சென்றது. எண்ணியது பொய்யன்று, எண்ணியபின் கடல் மாறிற்று.

பானைச் சோறு ஒருங்கே வேகும். நீருள் வாழும் உயிர் ஒருங்கே பரவி நில்லாது. நம் கட்டுக்கரைக் குளத்து மீனுக்கும் இதுவே நியதி. ஒருநாள் வலை நிறைந்ததைக் கண்டு குளமே நிறைந்ததென மகிழ்தல் தகாது. பலவிடத்தும் பலகாலும் எண்ணிப் பார்த்துப் பிடிப்போமாயின், நம் பிள்ளைகளின் வலைக்கும் மீன் எஞ்சும்.