பின்பனியில் தேடுதல்

ஜியோகேச்சிங் விளையாட்டுக்கு மிகவும் உகந்த பருவம் எது என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருபவனிடம் பருவத்தைப் பற்றிக் கேட்டால் ஒற்றை வரியில் பதில் வராது. பெரும்பொழுது ஆறு. ஆறையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் விடைக்கு வந்துசேர வேண்டியிருக்கிறது.

விளையாட்டை அறியாத நண்பர்களுக்காகச் சில வார்த்தைகள். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்கு அனுப்பும் குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை விலக்கிக்கொண்டது. நூறு மீட்டர் வரை தடுமாறிக்கொண்டிருந்த கருவிகள் ஒரே இரவில் இருபது மீட்டர் அளவுக்குத் துல்லியமாகிவிட்டன. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊருக்கருகே ஒரு கறுப்பு வாளியில் சில பொருட்களைப் போட்டு வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் இணையத்தில் அறிவித்தார். சில நாட்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. ஒருவர் ஒளித்துவைக்கிறார்; முன்பின் அறியாத இன்னொருவர் எண்களைக் கொண்டு தேடிச் செல்கிறார். கிடைத்தால் உள்ளேயிருக்கும் குறிப்பேட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு பொருளை எடுத்துக்கொண்டால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டி ஒளிக்கக் கூடாது.

இனி பருவங்களுக்கு வருவோம். நான் தேடியதெல்லாம் மதுரையைச் சுற்றியுள்ள பாறைக்குன்றுகளில்தான். இலக்கணத்தின் இளவேனில், அதாவது சித்திரையும் வைகாசியும், எங்கள் பக்கத்தில் பெயரளவில்தான் இளமையானது. காலை ஒன்பது மணிக்குமேல் பாறையில் கை வைக்க முடியாது. முதுவேனிலில் ஆடிக்காற்று கண்ணில் புழுதியை வாரியடிக்கும். கார்காலத்தில் பகலெல்லாம் புழுங்கிவிட்டு, நாம் குன்றின் உச்சியில் நிற்கும் மாலைப்பொழுதாகப் பார்த்து இடியிடிக்கும். கூதிரில் பாறை வழுக்கும்; முழங்கால் உயரப் புல்லுக்குள் என்ன ஊர்கிறது என்று தெரியாது. பெட்டிக்குள் நீர் இறங்கிக் குறிப்பேடு கூழாகிப் போவதும் அப்போதுதான். முன்பனி இதமானது, ஆனால் மழையில் வளர்ந்த புல் அப்போதும் மடிந்திருக்காது.

எஞ்சியது பின்பனி. மாசியும் பங்குனியும். புல் காய்ந்து படுத்துவிடும். மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் செயற்கைக்கோள் குறிகளுக்கும் தடை குறைவு. பாறையின் இடுக்குகளெல்லாம் வெளிப்பட்டுக் கிடக்கும். விடியற்காலையில் மட்டும் சற்றுக் குளிர். தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. தொல்காப்பியர் பாலைத்திணைக்கு வேனிலோடு பின்பனியையும் உரியதாக்கியிருக்கிறார். பாலையின் உரிப்பொருள் பிரிவு. ‘பனிக்காலத்துக்கும் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் சார்?’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. உரையாசிரியர்கள் சொன்னதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். எனக்கான விடை கிடைத்தது வகுப்பறையில் அல்ல.

2009ஆம் ஆண்டு மாசி மாதம். அத்தான் வளைகுடாவிலிருந்து வரும்போது கையடக்க ஜி.பி.எஸ். கருவியொன்றை வாங்கி வந்திருந்தார். அக்கா மகனுக்கு அப்போது பதின்மூன்று வயது. நாமே ஒரு பெட்டி ஒளித்துவைப்போம் மாமா என்று நச்சரித்தான். மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரின் எல்லையில் யானை படுத்திருப்பதுபோல் ஒரு பாறை இருந்தது. கல்வெட்டோ சமணர் படுக்கையோ இல்லாத, யாரும் தேடி வராத பாறை. அதனாலேயே அதைத் தேர்ந்தெடுத்தோம். தொல்லியல் சின்னங்களில் கை வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே சரியென்றார். எவர்சில்வர் சம்படம் ஒன்றில் குறிப்பேடு, பென்சில், ஐந்து கோலிக்குண்டுகள், நான் வைத்த ஒரு சிறிய திருக்குறள் பதிப்பு. பாறையின் கிழக்கு இடுக்கில் செருகிவிட்டு, கருவியைப் பிடித்துக்கொண்டு எண்கள் நிலைபெறக் காத்திருந்தோம்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் தூரத்திலிருந்தே எங்களைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அருகில் வந்து கேட்டார்.

“கல்லு அறுக்க அளக்க வந்தீகளா?”

இல்லையம்மா, இது விளையாட்டு என்றேன். அவர் நம்பவில்லை. “இப்படித்தான் ஒரு மெசினக் கையில வச்சுக்கிட்டு வருவாக. அளந்துட்டுப் போனா மறுவருசம் அங்கன பாறை இருக்காது” என்றார்.

மருமகன் சம்படத்தைத் திறந்து காட்டினான். அவர் ஒரு கோலிக்குண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளேயே போட்டார். “வச்சுக்கங்க பாட்டி” என்றான் அவன். “ஆட்டுக்குப் பின்னால அலையிறவளுக்குக் கோலி எதுக்குய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு அதே ஊரிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் என் மாணவனின் தந்தை. பாறையை வெட்டப் போகிறார்கள், ஆட்சியருக்கு மனு கொடுக்கிறோம், படித்தவர்கள் நாலு பேர் கையெழுத்திட்டால் மதிப்பாக இருக்கும் என்றார்கள். அரசு உதவிபெறும் கல்லூரியில் என் பணி அப்போது உறுதிசெய்யப்படவில்லை. யார் பின்னால் யார் இருக்கிறார்களோ என்ற பயம். ‘படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றேன். மனு ஒரே பக்கம்தான். அவர்கள் முன்னாலேயே படித்துவிட்டிருக்கலாம். மறுவாரம் மாணவனிடம் கொடுத்தனுப்பினேன், கையெழுத்தில்லாமல். அன்று மதியம் முதுகலை வகுப்பில் நடத்திய பாடம் முதற்பொருள்: நிலமும் பொழுதும். நன்றாகவே நடத்தினேன் என்று நினைவு.

2012இல் மதுரை மாவட்டத்துக் கிரானைட் முறைகேடுகள் வெளிச்சத்துக்கு வந்தன. 2014இல் உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை விசாரணை ஆணையராக நியமித்தது. நாளிதழ்களில் நாள்தோறும் செய்தி. நான் மருமகனை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனது 2013 மாசியில். கருவி வழியைச் சரியாகவே காட்டியது. முந்நூறு மீட்டர், நூறு, அறுபது. அதற்குமேல் நடக்க நிலம் இல்லை. செங்குத்தாக அறுக்கப்பட்ட பள்ளம். அடியில் பச்சை நிறத்தில் தேங்கிய நீர். கருவியின் அம்பு அந்த நீருக்கு மேலே, வெற்றுவெளியை நோக்கி நின்றது. நாங்கள் பெட்டியைச் செருகிய இடம் இப்போது காற்று.

தேடியது கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று பதிவிடுவது இந்த விளையாட்டின் வழக்கம். ‘என்ன மாமா எழுதுறது?’ என்று கேட்டான் மருமகன். பெட்டி இல்லை என்று எழுதலாம். பெட்டி இருந்த இடமே இல்லை என்பதை எப்படி எழுதுவது? எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் யாராலும் வெட்டி ஏற்றுமதி செய்ய முடியாது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று படித்தவனுக்கு அன்றுதான் ஒன்று உறைத்தது. பொழுது திரும்பத் திரும்ப வரும். நிலம் ஒருமுறை போனால் வராது. பின்பனிக்கும் பிரிவுக்கும் உள்ள சம்பந்தம் எனக்குப் புரிந்த விதம் இதுதான். எல்லாம் தெளிவாகத் தெரிகிற பருவத்தில் இல்லாததும் தெளிவாகத் தெரிகிறது.

அந்த ஆடு மேய்க்கும் அம்மாவை விசாரித்தேன். மேய்ச்சல் இல்லாமல் ஆடுகளை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார் என்றார்கள். எங்களைப் பார்த்து அவர் கொண்ட சந்தேகம் தவறில்லை என்று இப்போது தோன்றுகிறது. கருவியோடு வந்தவர்களில் நாங்கள் பாறையை அறுக்கவில்லை, காக்கவும் இல்லை.

2022இல் அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்தபோது ஊர்கள் திரண்டன. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாட்களில் மேலூர்த் தேநீர்க்கடை ஒன்றில் நீட்டப்பட்ட தாளில் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டேன். ஆயிரக்கணக்கான பெயர்களில் ஒன்று. யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது. தேவைப்பட்டபோது நான்கு பெயர்களில் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய கையெழுத்து அது.

நண்பரின் கேள்விக்கு என் விடை பின்பனிதான். மாசியில் வாருங்கள், விடிவதற்குமுன் கிளம்பலாம். கிடைக்கிற பெட்டிகள் சில உண்டு. முடிவில் ஒரு பள்ளத்தின் விளிம்புக்கும் அழைத்துப் போவேன். அங்கே தேடுவதற்கு ஒன்றுமில்லை. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பலாம்.