ஒன்பதுக்கு விழுந்த அடி

"எண்பத்தொன்பதுக்கு அடுத்த எண் யாது?" ஆசிரியர் கேட்டார். "ஒன்பதுபது" என்றான், ஆடு மேய்ப்பவரின் மகன். பிரம்பு பேசியது. வகுப்பு சிரித்தது. அவனருகே அமர்ந்திருந்த நாமும் சிரித்தோம்.

மதுரைக்கு வடக்கே, மேலூர்ச் சாலையை ஒட்டிய சிற்றூர்ப் பள்ளியில் நடந்தது இது. மறுநாள் அவன் வரவில்லை. ஆடுகளோடு வயல்வெளிக்குப் போனவன், பள்ளிக்குத் திரும்பவேயில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. மதுரை நகரின் பழைய புத்தகக் கடையொன்றில் எஸ்பெராண்டோ மொழியைக் கற்பிக்கும் சிறு நூல் கிடைத்தது. மொழி வேற்றுமையால் மக்கள் பகைத்து நிற்பதைக் கண்டு மனம் நொந்த கண் மருத்துவர் சாமன்ஹோஃப், உலகோர் அனைவர்க்கும் பொதுவாகட்டும் என்று ஆக்கி, 1887 ஆம் ஆண்டில் வார்சா நகரில் வெளியிட்ட மொழி அது. எண்களைப் பற்றிய பக்கத்தைப் புரட்டினோம், திடுக்கிட்டோம்.

ஒன்று முதல் பத்து வரை பத்துச் சொற்கள், நூற்றுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று. பன்னிரண்டே சொற்கள்! 1 முதல் 9,99,999 வரை இவற்றைக் கொண்டே சொல்லிவிடலாம். 'து' என்றால் இரண்டு. 'தெக்' என்றால் பத்து. பத்துக்கு முன்னே இரண்டு நின்றால் பெருக்கல்: 'துதெக்', இருபது. பின்னே நின்றால் கூட்டல்: 'தெக் து', பன்னிரண்டு. 'நௌ' என்றால் ஒன்பது. அப்படியானால் தொண்ணூறு? 'நௌதெக்'. ஒன்பது பத்து! அன்று அந்தச் சிறுவன் சொன்னதும் அதுதானே!

அயலாரைப் புகழ்ந்து நம்மை இகழவா இதை எழுதுகிறோம்? அன்று. அதே ஒழுங்கு நம் தமிழில் பண்டே உண்டு. பழைய தமிழெண் குறிகளைப் பாருங்கள்: ௨௰ என்றால் இருபது, ௰௨ என்றால் பன்னிரண்டு. முன்னே நின்றால் பெருக்கல், பின்னே நின்றால் கூட்டல்! இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரை சொற்களும் நேர்வழியே நடக்கின்றன. ஒன்பதின் முறை வரும்போதுதான் வழி திரும்புகிறது. பத்தின் வரிசையில் தொண்ணூறு என்று நூறு நுழைகிறது. நூற்றின் வரிசையில் தொள்ளாயிரம் என்று ஆயிரம் நுழைகிறது. இவ்விரண்டுக்கும் தொல்காப்பியர் தனி விதியே வகுக்க வேண்டியிருந்தது. ஒன்பதுக்குத் 'தொண்டு' என்றொரு பழம்பெயர் இருந்ததை, வைகையைப் பாடும் பரிபாடல் காட்டுகிறது. மதுரைத் தெருக்களில் நாம் கேட்கும் தெலுங்கிலும் ஒன்பது 'தொம்மிதி', தொண்ணூறு 'தொம்பை'.

ஆகவே, தொண்ணூற்றை நீக்குக என்று நாம் கேட்கவில்லை. மக்கள் நாவில் வளர்ந்த மொழியின் வளைவுகளுக்கும் வரலாறு உண்டு. நாம் கேட்பது ஒன்றே: விதியைத் தானே கண்டுபிடித்த பிள்ளையை அடிக்காதீர்! 'ஒன்பதுபது' என்று அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. இருபதையும் முப்பதையும் கேட்டான். அவற்றுள் ஒளிந்திருந்த ஒழுங்கைக் கண்டான். அதன்படி அடுத்த அடி எடுத்து வைத்தான். சிந்தித்தவன் அவன், ஒப்பித்தவர்கள் நாம். "முறையாகத்தான் எண்ணினாய் தம்பி, வழக்கு மட்டும் இங்கே வேறு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே!

கற்றறிந்த மருத்துவர் ஒன்பதையும் பத்தையும் சேர்த்தார். உலகம் அவரை அறிஞர் என்றது. ஆடு மேய்ப்பவரின் மகன் சேர்த்தான். அவனுக்குப் பிரம்படி கிடைத்தது. அடித்த கையை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. சிரித்த வாய்களுள் நம்முடையதும் ஒன்று.