‘மலர் டீச்சர் ஊரா?’

2015இல் சென்னையில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ‘பிரேமம்’ மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த சமயம். அதுவரை யாராவது ஊர் கேட்டால் “ஊட்டி பக்கம்” என்று சமாளித்துவிடுவேன். கீழ் கோத்தகிரி என்றால் யாருக்குத் தெரியும்? அந்த வருடம்தான் என் ஊருக்கு ஒரு விலாசம் கிடைத்தது. “கோத்தகிரியா? மலர் டீச்சர் ஊரா?” என்று கண்கள் விரியக் கேட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது.

“அப்போ நீயும் படகரா?”

முதலில் கேட்டது என் அறைத்தோழி. நான் “ஆமா” என்றேன்.

தோழர்களே, அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. சமீபத்தில் ஒரு வாசிப்பு வட்டத்தில் ஒரு தம்பி, “சாய் பல்லவி மாதிரி, எதுவுமே இல்லாத மலைக்கிராமத்திலிருந்து திறமையால் மட்டும் மேலே வரலாம்” என்று பேசினார். எனக்கு அவரைப் பிடிக்கும், தம்பியையும் சரி, நடிகையையும் சரி. ஆனால் அந்த ‘மட்டும்’ தொண்டையில் சிக்கிக்கொண்டது.

சாய் பல்லவி 1992 மே 9 அன்று கோத்தகிரியில் ஒரு படகர் குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்ததும் படித்ததும் கோயம்புத்தூரில். நடனத்தை முறையாகக் கற்றதில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2008இல் விஜய் டிவியின் ‘உங்களில் யார் அடுத்த பிரபுதேவா’, 2009இல் ஈடிவி தெலுங்கில் ‘டீ’ (நாம் பறிக்கிற டீ அல்ல, நடனப் போட்டி) என்று இரண்டு மேடைகளில் ஆடினார். பிறகு மருத்துவம் படிக்க ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போனார். அங்கே படிக்கும்போதுதான் அல்போன்ஸ் புத்திரனின் அழைப்பு வந்தது. விடுமுறையில் வந்து நடித்துவிட்டுத் திரும்பிப் போய் 2016இல் படிப்பை முடித்தார்.

பதினாறு வயதில் தொலைக்காட்சி மேடை. அது கைகொடுக்காவிட்டால் போய்ச் சேர ஒரு மருத்துவப் படிப்பு. அவருடைய ஆட்டம் அவருடையதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காலுக்குக் கீழே இருந்த தரையைத்தான் சொல்கிறேன்.

2008இல் எங்கள் லைன் வீட்டில் கலைஞர் அரசு கொடுத்த இலவச கலர் டிவி இருந்தது. என் பெரியம்மா மகளும் 1992இல் பிறந்தவள்தான். டிவிக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த நாலடி இடத்தில் அவள் ஆடாத பாட்டில்லை. கோயம்புத்தூரில் ஒரு நடனப் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது அனுமதி வாங்கினாள். கோத்தகிரி வந்து, மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர். துணைக்குப் போன பெரியம்மாவுக்கு ஒரு நாள் கூலி போயிற்று. வரிசையில் நிற்கும்போதே மணி நாலு. இருட்டினால் கீழ் கோத்தகிரிக்கு எப்படித் திரும்புவது? இவள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன்பே பெரியம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். யாரும் அவளை நிராகரிக்கவில்லை. நிராகரிக்கிற இடம் வரைக்கும்கூட அவள் போகவில்லை. அடுத்த வருடம் பிளஸ் டூ பாதியில் நின்றது. அதற்கடுத்த வருடம் பெரட்டில் அவள் பெயரும் சேர்ந்தது.

‘பெரட்டு’ தாத்தா கொண்டுவந்த சொல். காலையில் ஆள் கணக்கு எடுப்பது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே விடியற்காலையில் தப்படித்து ஆட்களை எழுப்பியவர்.

நடனம் என்று பேசும்போது இதையும் பேச வேண்டும். படகர்களின் விசேஷங்களில் ஆணும் பெண்ணும் வெள்ளை உடுத்தி வட்டமாக ஆடுவார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். அதில் ஆடுவது அந்த வட்டத்தில் எல்லோருக்கும் மரியாதை. ஒரு காலத்தில் அவர்களுடைய சடங்குகளுக்கு வாசித்தவர்கள் கோத்தர்கள். எங்கள் லைனில் தப்புச் சத்தம் கேட்டுக் கால் தானாக ஆடினால் மட்டும், “சாவுக்கு ஆடுற ஆட்டம்” என்பார்கள். பள்ளி ஆண்டு விழாவில் அக்காவின் ஆட்டத்தைப் பார்த்து ஓர் ஆசிரியர் அதைத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே.

சாய் பல்லவியிடம் எனக்கு மரியாதை கூடிய இடங்களும் உண்டு. சிவப்பழகு கிரீம் விளம்பரத்தை மறுத்தார். சம்பளம் இரண்டு கோடி என்று 2019இல் செய்தி வந்தது. 2020இல் ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் வெற்றிமாறனின் ‘ஓர் இரவு’: சாதி மாறித் திருமணம் செய்த கர்ப்பிணி மகளை அப்பாவே விஷம் வைத்துக் கொல்லும் கதை. அந்த மகளாக அவர் துடித்ததை என்னால் இரண்டாம் முறை பார்க்க முடியவில்லை. 2021இல் தெலுங்கில் ‘லவ் ஸ்டோரி’. அதில் நடனம் சொல்லிக்கொடுக்கிற நாயகன் தலித் கிறித்தவன். நடித்தவர் நாக சைதன்யா, நாகார்ஜுனாவின் மகன். ஆடத் தெரிந்த தலித் இளைஞன் திரைக்கு வந்துவிட்டான், கதாபாத்திரமாக. அந்த வேடத்துக்கான வரிசையில் நிற்க நம் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலிருந்து பஸ்?

விடுதி விழாவில் என்னைப் படக நடனம் ஆடச் சொன்னார்கள். மறுக்க வழியில்லை, பொய் சொன்னவள் நான். வெள்ளைச் சேலை கடன் வாங்கி ஆடினேன். அடவுகள் எல்லாம் தெரிந்திருந்தன, வருடாவருடம் ஓரத்தில் நின்று பார்த்தவை. கைதட்டல் பலமாக இருந்தது. அன்றிரவு கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். கடைசி செமஸ்டரில்தான் அறைத்தோழியிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு இதெல்லாம் ஒண்ணுமில்லடி” என்றாள். அதற்குப் பிறகு என் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். வேறு காரணமாகவும் இருக்கலாம் என்று நெடுநாள் சொல்லிக்கொண்டேன்.

2024 செப்டம்பரில் சாய் பல்லவி தன் தங்கை பூஜா கண்ணன் திருமணத்தில் ஆடிய வீடியோ எல்லோர் போனிலும் சுற்றியது. அக்கா அதைத் தேயிலைக் காட்டிலிருந்து வந்த கையோடு, சாக்கைக்கூட இறக்காமல் பார்த்தாள். “கால் வைக்கிறா பாரு, எவ்வளவு சுத்தம்” என்றாள். பொறாமையோ வருத்தமோ குரலில் இல்லை. பக்கத்தில் அவளுடைய ஏழு வயது மகள் அதே மாதிரி ஆட ஆரம்பித்தாள். இரண்டு முறை பொறுத்துப் பார்த்தாள் அக்கா. பிறகு சாக்கை இறக்கிவைத்துவிட்டு, “இப்படி இல்லடி, இடது காலை முதல்ல எடு” என்று முன்னால் போய் நின்றாள்.