வடத்தை விடத் தெரிய வேண்டும்

எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் என்னைக் கோயில்குட்டி என்பார்கள். விடியும் முன்னே கோயிலைத் திறந்து, பெருக்கி, மணியடித்து, ஆராதனை முடிந்ததும் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்ளும் ஆள். திருவனந்தபுரத்து மலையாளத்தில் இதற்குப் பெயர் கப்யார். எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்து 26 வருஷம் ஆகிறது. இந்த வேலையைக் கற்றுத்தரச் சொல்லி வாலிபர் சங்கத்துப் பையன்கள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரம் பாளையத்தில் நின்று பாருங்கள். கணபதி கோயில், ஜும்மா மசூதி, புனித யோசேப்பு பேராலயம் மூன்றும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. சற்றுத் தள்ளி, எல்.எம்.எஸ். வளாகத்தில் 1906-இல் எழும்பிய மேட்டீர் நினைவு ஆலயம். இடையில் ஓயாத பஸ் சத்தம். இத்தனைக்கும் நடுவே எங்கள் சின்ன மணியும் கேட்க வேண்டும். பலமாக அடித்தால் கேட்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்தவரைப் பாட்டா என்றுதான் கூப்பிடுவேன். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அவருடைய ஊர் தமிழ்நாட்டோடு போய்விட்டது. அவர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டார். முதல் நாள் வடத்தை என் கையில் கொடுத்தார். என் பலத்தையெல்லாம் காட்டி இழுத்தேன். மணி சாய்ந்தது, அடித்தது, திரும்பும்போது வடத்தோடு என்னையும் தூக்கியது. பயந்து இறுக்கிப் பிடித்தேன். மேலே நாக்கு 'டண்-டக்' என்று இரண்டு தரம் தட்டியது. உள்ளங்கை உரிந்துவிட்டது.

பாட்டா சிரிக்கவில்லை. "மக்களே, இழுக்கதுக்கு மாடு போதும். விடதுக்குத்தான் ஆளு வேணும்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். ஒரு தரம் இழுத்து மணியை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தபின், திரும்பும் கட்டத்தில் வடம் மேலே ஏறும். அப்போது கை அதோடு ஏற வேண்டும். பிடி தளர வேண்டும், ஆனால் விட்டுப்போகக் கூடாது. இறுக்கினால் மணியின் ஆட்டம் தடைபட்டு நாக்கு இரண்டாவது தரம் உரசும். அதற்கு இரட்டையடி என்று பெயர். இரட்டையடி விழுந்தால் கார்வை செத்துவிடும். கார்வை செத்த மணி நாலு வீடு தாண்டாது. இது சொல்ல ஒரு நிமிஷம், கைக்கு வர எனக்கு இரண்டு வருஷம்.

வடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நைலான் வேண்டவே வேண்டாம்; வியர்த்த கையில் வழுக்கும், வழுக்கினால் சுடும். எங்களுடையது கயிற்றுக்குப் பேர்போன அஞ்சுதெங்கு பக்கத்துத் தென்னைநார்க் கயிறு. பிடிக்கிற இடத்தில் மட்டும் பழைய வேட்டித் துணி சுற்றியிருக்கும். ஜூனில் மழை பிடித்தால் நார் ஊறி வடம் ஒரு சாண் குறுகும். முடிச்சை இறக்கிக் கட்ட வேண்டும். நான் ஒரு வருஷம் மறந்துவிட்டு, முழு ஆராதனைக்கும் குதிகாலைத் தூக்கி நின்றே மணியடித்தேன்.

மற்ற தவறுகளையும் மறைக்கவில்லை. பாட்டு எண் பலகையில் 161 வைக்க வேண்டிய இடத்தில், ஆறைத் தலைகீழாகச் செருகி 191 ஆக்கிவிட்டேன். ஆர்கன் ஒரு பாட்டை வாசிக்க, சபை வேறொரு பாட்டைப் பாடியது. இப்போது எல்லா ஆறுக்கும் ஒன்பதுக்கும் கீழே ஒரு கோடு வரைந்திருக்கிறேன். வெள்ளி முலாம் பூசிய நற்கருணைக் கிண்ணத்தைப் பித்தளை என்று நினைத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முலாமையே எடுத்ததும் நான்தான். பாட்டா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பாட்டா காலமான வருஷம், ஐப்பசி மழையில், மணிக்கூண்டுக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி நனைந்து கிடந்தது. செம்பட்டை நிற நாட்டு நாய். வீட்டுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்தார்கள். அதிலே ஒரு வில்லங்கம். போதகர் ஐயர் வந்து "மணி அடிச்சாச்சா?" என்று கேட்பார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளை ஒன்று ஓடிவந்து, "பாவம் மாமா, அடிக்காதீங்க" என்று நாயைக் கட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாரியலோடு பீடத்திலிருந்து வாசலை நோக்கிப் பெருக்கி வருவேன். அது வாசற்படியில் காத்துக்கொண்டிருக்கும். உள்ளே வராது. ஆனால் முதல் மணி அடித்ததும் தலையைத் தூக்கி ஊளையிட ஆரம்பித்தது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ஊளை சாவுக்கு அறிகுறியாம். மிருக டாக்டரிடம் கேட்டேன். மனிதக் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டால் நாய்க்கு 45,000 வரை கேட்கும், நமக்குத் தெரியாத கீச்சலும் அதற்குத் தெரியும் என்றார்.

கவனித்துப் பார்த்தேன். எல்லா அடிக்கும் அது ஊளையிடவில்லை. இரட்டையடி விழுந்தால்தான் ஊளை. சுத்தமாக விழுந்தால் காது மட்டும் ஆடும். பாட்டா போனபின் என் கை கெட்டிருந்ததை யாரும் சொல்லவில்லை, நாய் சொன்னது. மூன்று மாதம் அதன் காதைப் பார்த்தே அடித்தேன். ஊளை நின்றது.

நாயை நடத்துவதிலும் அதே பாடம். முதலில் நான் வாரை இறுக்கி இழுப்பேன், அது எதிர்ப்பக்கம் இழுக்கும். ஒருநாள் மணி வடம் ஞாபகம் வந்தது. அது இழுத்தால் நின்றேன். வார் தளர்ந்தால் நடந்தேன். பத்து நாளில் பக்கத்திலே நடக்க ஆரம்பித்தது. ஒன்று மட்டும்: இந்த ஊரில் நாய் வைத்தால் மாநகராட்சி உரிமமும் வருஷம் தவறாத வெறிநாய்த் தடுப்பூசியும் வேண்டும். பிள்ளைகள் கூடுகிற இடத்துக்கு வருகிற நாய்க்கு இதில் விலக்கே கிடையாது.

என் பெரிய தவறு ஒரு கிறிஸ்துமஸில் நடந்தது. கீத பவனியில் மணியும் எங்களோடு வீடு வீடாக வந்தது. வீட்டுக்கு ஒரு துண்டு பிளம் கேக். பிள்ளைகள் அதற்கும் பிய்த்துப் போட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். விடிகாலையில் வாந்தி. கேக்கிலுள்ள உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும் என்று ஆஸ்பத்திரியில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு நாள் டிரிப் ஏற்றிப் பிழைத்தது. அந்த இரண்டு நாளும் சபையில் யார் யாரோ ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தார்கள். ஊளைக்கு முகம் சுளித்த பெரியவர் ஒருவர் பிளாஸ்கில் கட்டன்சாயா கொண்டுவந்தார். ஐக்கியம் என்று பிரசங்கத்தில் கேட்பதை நான் கண்ணால் கண்டது அங்கேதான். இப்போது பவனியில் மணிக்கு அவித்த முட்டை மட்டும்.

இன்னொன்று. கணவர் போனபின் ஒரு அம்மா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நான் கேட்டருகே போய் "ஏன் வரல்லை?" என்று கேட்பேன், கதவு சாத்திக்கொள்ளும். பிறகு சாயங்கால நடையில் மணி அந்தக் கேட்டில் தானாகப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. அந்த அம்மா முள் நீக்கிய மீனும் சோறும் கொண்டுவந்து வைப்பார்கள். மழை, விலைவாசி, மீன் இவற்றைப் பற்றித்தான் பேச்சு. கோயில் பேச்சை நான் எடுக்கவே இல்லை. லெந்து நாட்களில் ஒரு ஞாயிறு, இரண்டாம் மணிக்கு வந்து கடைசி பெஞ்சில், மணி படுத்திருக்கும் வாசலோரம் உட்கார்ந்தார்கள். வடத்தைப் பிடித்திருந்த எனக்குக் கண் நிறைந்தது. அன்று ஓர் இரட்டையடி விழுந்தது; மணி ஊளையிட்டது.

தம்பிகளா, கற்க வருகிறவர்கள் ஞாயிறு காலை 5 மணிக்கு வாருங்கள். மோதிரம், கைக்கடிகாரம் வேண்டாம். முதல் மாதம் வாரியல்தான், வடம் பிறகு. வாசற்படியில் இருட்டில் செம்பட்டையாய் ஒன்று படுத்திருக்கும், மிதித்துவிடாதீர்கள். உங்கள் அடி சரியா தப்பா என்று நான் சொல்லும் முன்னே அது சொல்லிவிடும்.