தரங்கம்பாடிக்கு ஒரு நாள்

சம்பா அறுப்பு முடிந்து வைக்கோலும் போர் போட்டாயிற்று. வயலில் உளுந்து முளைத்து நிற்கிறது. கடைமடை விவசாயிக்கு ஆண்டில் இப்படி ஓய்வு கிடைப்பது பத்துப் பதினைந்து நாள்தான். கோட்டுச்சேரிக்குக் கிழக்கே கடலை ஒட்டி ஆறு மா நிலம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், மனைவியையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு தரங்கம்பாடிக்குப் பேருந்து ஏறினார். பேத்தி பள்ளிப் பாடத்தில் படித்த கோட்டையை நேரில் பார்க்க வேண்டும் என்று நச்சரித்ததுதான் காரணம். அவருக்கோ மனம் எல்லாம் போர்வெல்லில். இரண்டு கோடையாகத் தண்ணீர் உவர்ப்பாக வருகிறது. நிலத்தைக் கொடுத்துவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் எழுந்திருக்கிறது.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி 15 கிலோமீட்டர். பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலம் ஏறினால் புதுச்சேரி எல்லை முடிகிறது. அடுத்து பொறையாறு, பிறகு தரங்கம்பாடி. 1926 முதல் மயிலாடுதுறையிலிருந்து இங்கே ரயில் ஓடியது. 1986இல் நிறுத்திவிட்டார்கள். அந்த ரயிலில் வந்தவர்கள் நம் வாசகர்களில் இன்னும் இருப்பார்கள்.

இந்தக் கரைக்கு வராத ஐரோப்பியர் யார்? தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1739இல் பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை வாங்கி, 1954 வரை வைத்திருந்தார்கள். டேனிஷ்காரர்கள் தேடி வந்தது மிளகு. ஆனால் காவிரிக் கரையின் நெசவுத் துணியும் அவர்களுக்குப் பெரிய வியாபாரமானது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள்.

பழைய ஊருக்குள் நுழைவது வெள்ளை வளைவு வாசல் வழியாக. அதைத் தாண்டினால் ராஜவீதி. கோட்டையைப் பார்க்கிற அவசரத்தில் பலரும் இந்த வீதியை ஓட்டமாகக் கடந்துவிடுகிறார்கள். அது தவறு. 1701இல் கட்டிய சீயோன் ஆலயமும், 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இங்கேதான் இருக்கின்றன. 1706இல் வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு அடக்கமானதும் இங்கேதான்.

விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொருவர் உண்டு. 1768இல் இங்கே மருத்துவராக வந்த கோனிக். தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். இந்தக் கரையின் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியவர். நம் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் ‘கோனிகி’ அவர் பெயர்தான். “நம்ம கறிவேப்பிலைக்கு வெள்ளைக்காரன் பேரா?” என்று பெரியவரின் மனைவி சிரித்தார்.

வீதி முடியும் இடத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. கீழே கிடங்குகளும் சிறைக்கூடமும். மேலே அருங்காட்சியகம். பேத்திக்கு மேல்தளத்துப் பீரங்கிகளை விட்டு வர மனமில்லை.

பெரியவர் வெகுநேரம் நின்றது கோட்டையில் இல்லை. நடக்கிற தூரத்தில் கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது கருங்கற்களைக் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

“ஏங்க, கோயிலையே இழுத்துட்டுப் போயிருக்கே, நம்ம கொல்லை எம்மாத்திரம்?” என்றார் மனைவி. பெரியவர் பதில் சொல்லவில்லை.

கேள்வி நியாயமானது. கடல் மண்ணை அரிப்பது கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கு அடியில் கடல்நீர் நுழைவது தெரியாது. கடலோர நிலத்தில் உப்புநீருக்கு மேல் நல்ல தண்ணீர் மிதந்து நிற்கிறது. உப்புநீர் கனமானது என்பதால் அடியில் தங்கும். கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஓரடி உயரம் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்புநீரைத் தள்ளி வைக்கும். அந்த ஓரடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், காலப்போக்கில் உப்பு அதே 40 அடி மேலே ஏறும். கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீர் குறையும்போது நாம் போர்வெல்லை அதிகம் இறைக்கிறோம். மேலிருந்து ஊறுவது குறைந்து, கீழிருந்து உப்பு ஏறுகிறது. இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் வரும் என்று கடன் வாங்கி இறக்குகிறவர்கள் பலர். இத்தகைய இடத்தில் ஆழம் கூடக் கூட உப்பை நெருங்குகிறோம். ஆழம் குறைந்த கிணற்றில் சிறிது சிறிதாக இறைப்பதும், குளத்தைத் தூர்வாரி மழைநீரை நிறுத்துவதும்தான் வழி.

சுனாமிக்குப் பிறகும் கடலோர வயல்களின் உப்பைக் கழுவி இறக்கியதில் பெரும்பங்கு மழைக்கு உண்டு. மண் மீண்டு வரும். ஆனால் மேலிருந்து நல்ல தண்ணீர் இறங்க வேண்டும், அது வடியவும் வழி வேண்டும். மண்ணின் உப்பு அளவு 3 டெசிசீமனைத் தாண்டினால் நெல்லில் மகசூல் குறையத் தொடங்கும். நாக்கால் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

திரும்பும் பேருந்தில் பெரியவர் பேத்தியிடம் காலி தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார். மோட்டாரை அரைமணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, நிறையப் பிடித்து இறுக மூட வேண்டும். வயலில் நாலைந்து இடத்து மண்ணும் தனியாகக் கொஞ்சம் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய், எங்கே பரிசோதிக்கலாம் என்று கேட்பதாக முடிவு. நிலம் கொடுக்கும் பேச்சு அதுவரை வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.