பொறுத்தலும் மருந்தும்: கல்முனைக்குடியிலிருந்து வலி பற்றிய நாட்குறிப்பு

டிசம்பர் 19

காயத்தின் அளவை மூளைக்கு அப்படியே எடுத்துச் செல்லும் செய்தியே வலி என்ற கருத்து, 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட் அதனை விளக்கிய காலந்தொட்டு மருத்துவத்தில் நெடுநாள் நிலைத்திருந்தது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரைவிலக்கணமோ, உடலின் இழையங்கள் சிதைந்தபோதும், சிதையக்கூடும் என்ற நிலையிலும், அவற்றை ஒத்த வேறு நிலைகளிலும் தோன்றுகிற, புலனும் உணர்ச்சியும் கலந்த துன்ப அனுபவமே வலி என்கிறது. ஆகவே எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக ஒருவரின் நாரி நோவைப் பொய் என்று தள்ளிவிட மருத்துவத்தில் இடமில்லை.

டிசம்பர் 20

வாடைக் காற்றில் கடல் கொந்தளித்துத் தோணிகள் கரையேறியிருக்கும் இக்காலத்தில், கரைவலை இழுத்தவர்களின் தோளும் முழங்காலும் ஓய்வின்போதுதான் தம் நோவைத் தெரிவிக்கின்றன. அயலிலுள்ள மருதமுனையில் தறியில் அமர்ந்து நெய்பவர்களுக்கும் முதுகு வலி புதியதன்று.

வலியை எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் இருவகைப்படும். கொழுப்புறை போர்த்த மெல்லிய இழைகள் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் கூர்மையான முதல் வலியைக் கொண்டுசெல்ல, உறையற்ற இழைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றருக்கும் குறைந்த வேகத்தில், சற்றுப் பிந்தி வரும் மந்தமான எரிவையும் உளைவையும் கொண்டுசெல்கின்றன. இவ்விரண்டும் முதலில் சேருமிடமான முண்ணாணில் ஒரு வாயிற்கதவு போன்ற அமைப்பு இயங்குகிறது என்றும், தொடுதலை உணர்த்தும் தடித்த இழைகளும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அக்கதவை ஓரளவு சாத்தவல்லன என்றும் 1965இல் மெல்சாக், வோல் ஆகிய இருவரும் முன்வைத்தனர். அவர்களின் கோட்பாடு பின்னர் பல திருத்தங்களுக்கு உள்ளாயினும், அடிபட்ட இடத்தைக் கை தானாகவே தடவுவதற்கும், எண்ணெய் பூசித் தேய்த்தால் நோவு தணிவதற்கும் நரம்பியல் அடிப்படை உண்டு என்பதை அது நிறுவியது.

கடற்கரை மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. திருக்கை முள் குத்தினால், அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும் தன்மையுடையதாதலால், தோல் வெந்துபோகாத அளவிலான, ஏறத்தாழ 45 பாகை சூட்டு நீரில் குத்துண்ட காலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தால் அக்கொடிய வலி பெரும்பாலும் தணியும். ஆயினும் உடைந்த முள்ளை அகற்றவும் ஏற்பூசி போடவும் வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்.

டிசம்பர் 22

மழை விட்டதும் நுளம்பு பெருகுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இலங்கையில் தலைகாட்டாதிருந்த சிக்குன்குனியா 2006இன் இறுதியில் மீண்டும் பரவியபோது, கல்முனையும் மட்டக்களப்பும் திருகோணமலையும் யாழ்ப்பாணமும் அதன் பிடியில் அகப்பட்டன. காய்ச்சல் சில நாட்களில் விட்டுவிட, மூட்டு வலியோ சிலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடித்தது. வைரசு ஒழிந்த பின்னும் அழற்சி தொடர்வதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

இத்தகைய காய்ச்சலில் எந்த மருந்தை உண்பது என்பது உயிர்காக்கும் கேள்வியாகும். அஸ்பிரினும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் முதலியனவும், காயமுற்ற இழையத்தில் நரம்பு முனைகளைக் கூருணர்வுடையனவாக்கும் புரொஸ்டகிளாண்டின் என்ற பொருள் உற்பத்தியாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன; அஸ்பிரின் இவ்வாறு இயங்குவதை 1971இல் ஜோன் வேன் கண்டறிந்தார். அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. ஆகையால் நோன்பு நாட்களில், விடியலுக்கு முந்திய ஸஹர் உணவோடு உண்ண வேண்டிய மாத்திரையை வெறுவயிற்றில் விழுங்குவோருக்குப் புண் உண்டாகும் அபாயம் மிகும். இவ்வகை மருந்துகள் குருதிப்பெருக்கை உண்டாக்கக்கூடுமாதலால், வந்திருக்கும் காய்ச்சல் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை அவற்றைத் தொடலாகாது. பனடோல் என்ற பெயரில் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும் பரசிட்டமோலே அப்போது பொருத்தமானது. அதுவும் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேற்பட்டால் ஈரல் கெடக்கூடும். காய்ச்சலின் காரணம் அறியாமல் வலிக்கு ஊசி கேட்டு வாங்கும் வழக்கம் நம் ஊர்களிலிருந்து ஒழிய வேண்டும்.

டிசம்பர் 26

2004இல் இந்நாளில் ஆழிப்பேரலையாகக் கடல் ஏறிவந்தபோது இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை, 10,000க்கு மேற்பட்டோரை, இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனைக்குடிக் கரையோரம் அவ்வழிவின் நடுவில் இருந்தது. காயமும் முறிவும் ஆறிய பின்னரும் வலி மாறாதவர்களைப் பற்றிப் பேசும்போது இரண்டு விளக்கங்கள் உதவுகின்றன. தொடர்ந்து வரும் வலிச் சமிக்ஞைகளால் முண்ணாண் நரம்புகளே கூருணர்வு கொண்டு, மென்தொடுகையைக்கூட வலியாக மாற்றிவிடும் என்பதை 1983இல் கிளிஃபர்ட் வூல்ஃப் காட்டினார்; இது மையக் கூருணர்வு எனப்படும். இலண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் நலக்காப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், உடலின் நோவோடு துயரும் தனிமையும் வாழ்வாதாரக் கவலையும் பின்னிக் கிடப்பதை 'முழுமை வலி' என்றார். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயின் உடல்வலியை மாத்திரையால் மட்டும் தீர்க்க முயல்வது குறைபட்ட மருத்துவம்.

டிசம்பர் 28

புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986இல் மூன்று படிகளை வகுத்தது: எளிய வலிநீக்கி, மெல்லிய அபின்வகை மருந்து, இறுதியில் மோர்ஃபின். வாயால் உண்ணும் மோர்ஃபினை மருத்துவர் மேற்பார்வையில் வீட்டிலேயே கொடுக்க முடியும் என்பதை 1993இல் கோழிக்கோட்டில் உருவான வலி மற்றும் வலிதணிப்புப் பராமரிப்புச் சங்கம் மெய்ப்பித்தது. அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்தில், மரணத்தை நெருங்கியவரைக் கதறவிடுவது எவ்வகையிலும் நியாயமன்று. ஸப்ர் எனப்படும் பொறுமை பெரும் நற்பண்பு. ஆனால் நோயாளிக்கு நோன்பைப் பிற்போடும் சலுகையையே வழங்கியுள்ள மார்க்கம், மருந்தைத் தவிர்த்து வலியைச் சுமக்குமாறு எவரையும் பணிக்கவில்லை.

ஆகவே, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ வேறெந்த வைத்தியரிடமோ செல்லும் முன், வலி எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, குத்தா உளைவா எரிவா, எந்த நேரத்தில் கூடுகிறது, எதனால் குறைகிறது, பூச்சியம் முதல் 10 வரையான அளவில் எத்தனை, எந்த மருந்தை எப்போது உண்டீர்கள் என்பவற்றை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதிக் கொண்டுசெல்லுங்கள். எழுத இயலாத முதியவர்களுக்காக வீட்டிலுள்ள பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.