மானியமும் மானமும்

நான் கோலசிலாங்கூர் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் கிராணியாக இருப்பவன். ஆங்கிலப் பள்ளியில் கற்ற கல்வி எனக்கு ஈந்த உத்தியோகம், எண்ணுவதும் எழுதுவதுமேயாம். பெரட்டுக்கு வந்தவர் எத்தனை பேர், வெட்டிய குலைகள் எத்தனை, லாரியில் ஏறியது எத்தனை டன் என்று நாள்தோறும் கணக்கெழுதி வருகிறேன். புத்தகத்தில் ஏறாத எதுவும் தோட்டத்தில் நடக்கவில்லை என்னும் மூட எண்ணம் என் போன்றாருக்கு எளிதில் வந்துவிடுகிறது. அவ்வெண்ணம் என்னை விட்டு நீங்கிய விதத்தை வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன். இதில் வரும் தாயின் சம்மதம் பெற்றே, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாட்காலை, அத்தாய் ஆபீஸ் ஜன்னலண்டை வந்து நின்றாள்.

"ஐயா, மகளைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகணுங்க. ரெண்டு நாள் லீவு வேணும்" என்றாள்.

"என்ன காரணம்?" என்றேன்.

அவள் வாய் திறக்கவில்லை. அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் வரிசையில் நின்றனர். "காரணம் சொல்லாமல் எப்படியம்மா எழுதுவது?" என்று உரக்கக் கேட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினேன். கணக்குச் சரியாக இருந்தது.

அன்றிரவு என் மனைவிதான் விஷயத்தைச் சொன்னாள். அப்பெண்ணை, குடும்பத்துக்கு அறிமுகமான ஒருவனே பலாத்காரம் செய்துவிட்டான். லயமெங்கும் அது தெரிந்திருந்தது; எழுதுகிறவன் ஒருவனுக்கே தெரியவில்லை. "மானம் போயிற்றே" என்று அழுதவர்கள் உண்டு. "வெளியில் சொல்லாதே" என்று புத்தி புகட்டிய பெரியவர்களும் உண்டு.

'மானபங்கம்' என்று நாம் எழுதும் சொல்லைச் சற்று ஆராய்ந்து பாருங்கள். ஒரு வீட்டில் களவு போனால் கள்வனுக்கே இழிவு. இக்குற்றமொன்றில் மட்டும் செய்தவன் மானத்தோடு உலவுகிறான். ஆளானவளோ மானமிழந்தவள் எனப்படுகிறாள். இது எவ்வூர் நீதி?

நிற்க. பட்டணத்து மாதர் சங்கமொன்றைச் சேர்ந்த, தமிழ் பேசும் ஓர் அம்மையார் மறுநாள் வந்தார். தம் காரிலேயே தாயையும் மகளையும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஒரே இடத்தில் வைத்தியப் பரிசோதனை, போலீஸ் புகார், ஆறுதல் ஆலோசனை ஆகிய மூன்றும் கிடைக்கும் ஏற்பாடு நம் நாட்டில் 1994ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கியது. 1996இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கையால் அது மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவிற்று. சிறந்த ஏற்பாடுதான், ஆயினும் மருத்துவமனைக் கதவோடு அது முடிந்துவிடுகிறது. பஸ் எட்டாத தோட்டத்திலிருந்து அவளை அங்கே கொண்டுபோவது யார்? வழக்கு ஒத்திவைக்கப்படும்போதெல்லாம் கோர்ட்டு வாயிலில் உடன் நிற்பது யார்? நள்ளிரவில் அவள் விழித்தழும்போது தொலைபேசியை எடுப்பது யார்? இவையெல்லாம் சங்கங்களின் வேலை.

இச்சங்கங்கள் தாமாக முளைத்தவையல்ல. 1982இல் மாதர் உதவி நிறுவனம் அடைக்கல இல்லம் தொடங்கிற்று. 1985இல் மாதர் அமைப்புகள் ஒன்றுகூடிப் பிரசாரம் செய்தன. 1989இல் பலாத்காரம் பற்றிய சட்டம் திருத்தப்பட்டது. 1991இல் 'தெனகனித்தா'வை நிறுவிய ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் பெற்றோர், இந்தியாவிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்களே. 2014இல் மறைந்த அவரை நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அறிவர்?

எங்களிடம் வந்துகொண்டிருந்த அம்மையார் ஓராண்டுக்குப் பின் வருவது நின்றுபோயிற்று. மானியம் தீர்ந்துவிட்டதாம். புதிய மனுவை ஆங்கிலத்தில் எழுத உதவும்படி என்னைக் கேட்டார்கள். 'பயனடைந்தோர் எத்தனை பேர்? நடத்திய கூட்டங்கள் எத்தனை? அச்சிட்ட பிரசுரங்கள் எத்தனை?' என்று அதில் கட்டங்கள் இருந்தன. சம்பளம், வாடகை, பெட்ரோல் ஆகியவற்றுக்குப் பணமில்லை என்றும் கண்டிருந்தது. என் தொழிலே எனக்கெதிரே வந்து நின்றது போலிருந்தது. ஒரு பெண்ணுக்காக ஓராண்டில் பதினேழு முறை வந்து போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிரசுரமா அவளோடு கோர்ட்டுக்குப் போயிற்று? சம்பளம் பெறும் ஒரு மனுஷியல்லவா போனாள்!

மானியம் இருந்தாலும் போதாது என்பதற்கு வெளிநாடுகளே சான்று. டில்லிக் கொடுமைக்குப் பின், 2013இல் இந்திய அரசு ஆயிரம் கோடி ரூபாயில் 'நிர்பயா நிதி' அமைத்தது; முதற்சில ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி செலவாகாமலே கிடந்தது. அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, குற்றவாளிகள் கட்டும் அபராதத்தைக் கொண்டே பாதிக்கப்பட்டோர்க்கு உதவும் நிதி நடைபெறுகிறது. நல்ல யோசனை, ஆனால் அபராத வரவு குறைந்தபோது மானியமும் குறைந்தது. முன்னதில் பணமிருந்தும் கை நீளவில்லை. பின்னதில் கை நீண்டும் பணம் வற்றிற்று.

ஆதலால் நான் சொல்வது இது. அரசாங்கம் மூன்று அல்லது ஐந்தாண்டுக்கென உறுதியாக மானியம் அளிக்கட்டும். அதில் ஊழியர் சம்பளத்துக்கும் வழிச்செலவுக்கும் இடமிருக்கட்டும். அதுவரை நாம் கைகட்டியிருக்க வேண்டியதில்லை. திருவிழாவுக்கு வரி கொடுக்க நாம் தயங்கியதில்லை. வாணவேடிக்கைக்கு எரித்த பணத்தில் ஒரு பங்கு, இருட்டில் நிற்கும் பெண்ணுக்கு விளக்காகக் கூடாதா? வருமான வரி கட்டும் நகரத்து அன்பர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கு வரிக்கழிவும் உண்டு.

எங்கள் தோட்டத்தில் மாதம் இரண்டு வெள்ளிச் சந்தா தொடங்கினேன். முதல் மாதம் பதினொருவர் சேர்ந்தனர். இப்போது நாற்பத்து மூவர். பெட்ரோலுக்கு ஆகிறது, அவ்வளவே. லீவுப் புத்தகத்தில் 'சொந்தக் காரியம்' என்றெழுதினாலே போதுமென்று மானேஜரிடம் ஒப்புதலும் பெற்றேன்.

அத்தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க கேட்டதில தப்பில்லைங்க ஐயா, வரிசையில வச்சுக் கேட்டதுதான்" என்றாள்.

நாம் எல்லோருமே அவளை வரிசையில் வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மானம் போனது அவளுக்கன்று, நமக்கே. அதை மீட்டுக்கொள்ளும் வழியைத்தான் நாம் மானியம் என்று சொல்கிறோம்.